வீரம்மா நனையவில்லை

வீரம்மாவை அடக்கம் செய்த மண் காய்வதற்குள், அவளைக் குன்னூர்ப் பக்கம் பார்த்ததாக ஆட்கள் வந்து சொல்லத் தொடங்கினார்கள். முதலில் சொன்னவன் எஸ்டேட் லாரி டிரைவர். அவன் குடிக்கிற ஆள் என்பதால் வீரம்மாவின் கணவர் தங்கவேலு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்துச் சொன்னவர் மஞ்சூரில் ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். அவர் குடிப்பதில்லை. ஒரு கண்ணாடி அறைக்குள் வீரம்மா நின்றுகொண்டிருந்தாளாம். அவள் தலைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்ததாம்.

"கூரை போட்ட ரூமுக்குள்ள எப்பிடிங்க மழை பெய்யும்?" என்று தங்கவேலு கேட்டார்.

"அதான் எனக்கும் வெளங்கல அண்ணே. ஆனா பெஞ்சுச்சு."

தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்த மகள் ரஞ்சனி ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "அப்பா, அது கோட்டு ஆபீஸா இருக்கும்" என்றாள்.

மலையில் எல்லோரும் கோட்டு ஆபீஸ் என்று சொல்லும் அந்த இடத்தின் முழுப்பெயர் மலைப்பகுதிப் பருத்தித் துணிக் காப்பு ஆராய்ச்சி நிலையம். பெயர்ப்பலகை கட்டடத்தின் முகப்பைவிட நீளமாகிவிட்டதால் அதை மூலையில் மடக்கி மாட்டியிருந்தார்கள். 'நிலையம்' என்ற சொல் மட்டும் கழிப்பறைப் பக்கம் போய்விட்டது. பருத்தித் துணியில் பாலிமர் என்கிற ஒருவகைப் பசையைப் பூசி, அதன்மேல் கதிர்வீச்சைப் பாய்ச்சினால் பூச்சு நூலோடு நூலாகப் பிணைந்துவிடும். தண்ணீர் இறங்காது, பூஞ்சை பிடிக்காது, துவைத்தாலும் பூச்சு போகாது. நல்ல விஷயம்தான். வெளியுலகில் பலர் இதைக்கொண்டு துணி செய்து விற்கிறார்கள். நிலையத்தில் இதைக்கொண்டு கருத்தரங்கு செய்தார்கள்.

அப்படி ஒரு கருத்தரங்கில் வேறொரு ஊர்க்காரர்கள், தங்கள் பூச்சு ஐம்பது சலவை தாங்கும் என்று சொல்லிவிட்டார்கள். நிலையத்தின் இயக்குநர் முனைவர் பிரைட்டன் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஊருக்குத் திரும்பியதும் பூச்சை இரட்டிப்பாக்கினார், கதிரை இரட்டிப்பாக்கினார். அடுத்த கருத்தரங்குக்கு முன் மறுபடியும் இரட்டிப்பாக்கினார். இப்படியே போய், அந்தத் துணியில் தைத்த மழைக்கோட்டைத் தரையில் வைத்தால் அது யார் துணையும் இல்லாமல் தானே நிற்கிற நிலைக்கு வந்தது.

இதை யாராவது போட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியபோதுதான் எஸ்டேட்டுக்கு ஜீப் வந்தது. பேர் போடுகிற காலைப் பெரட்டுக்கு வந்து நின்ற கொழுந்து பறிக்கும் பெண்களிலிருந்து வீரம்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள். உயரத்திலும் பருமனிலும் நடுவாக இருந்தாள் என்பது காரணம். பிரைட்டன் அவளைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "இந்த மலையோட சராசரி இவங்கதான்" என்று அறிவித்தார். வீரம்மாவுக்கு அது ஏதோ பட்டம் என்று பட்டது. பல நாள் லயத்தில் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நிலையத்துக்குக் கூட்டிப்போய் மேசையில் படுக்க வைத்து, கொழுந்து பறிக்கிறதுபோல் கையை நீட்டச் சொல்லி, உடம்பு முழுக்க ஈர மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்தார்கள். அந்த அச்சில் அதே மாவால் ஒரு பொம்மை வார்த்து, அதன்மேல் துணியைப் போர்த்தி, கதிர் பாய்ச்சிக் கோட்டை இறுக்குவது திட்டம். அன்று பொழுதுசாய வீட்டுக்கு வந்தபோது அவள் புருவத்தில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது.

"மூஞ்சியையும் எடுத்துட்டாங்க. செலை வைக்கப் போறாங்க போல" என்றாள். "தலைவருங்களுக்கெல்லாம் செத்தப்புறந்தான் வைப்பாங்க. எனக்குப் பாருங்க, உசிரோட இருக்கையிலயே."

கோட்டு வந்தது. பெரட்டுக்குப் போகும்போது போட்டால் பொழுதுசாய வீட்டுக்கு வந்துதான் கழற்ற வேண்டும் என்பது விதி. நடுவில் கழற்றினால் தரவு கெட்டுவிடும். தரவு என்றால் என்ன என்று வீரம்மாவுக்குத் தெரியாது. கெட்டுப்போகிற பொருள் என்பதால் பாலைப்போல ஏதோ என்று நினைத்து ஜாக்கிரதையாக இருந்தாள். தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. ஆனால் மேட்டில் ஏறி ஏறிக் கொழுந்து பறிக்கிற உடம்பு வியர்க்காமல் என்ன செய்யும்? அந்த வியர்வை ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. குந்தாப் பக்கத்துக் காற்று அடிக்கும்போது உள்ளே இருக்கிற ஈரம் பனிக்கட்டியாகக் குளிரும். வீட்டுக்கு வந்து அவள் கழுத்துக் கொக்கியைக் கழற்றினால் தரையில் தண்ணீர் ஓடும்.

"வெளிய மழை. உள்ள நான் தனியா ஒரு மழை" என்பாள், இருமிக்கொண்டே.

காய்ச்சல் வந்தது. நிமோனியா என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளை லயத்துக்குக் கொண்டுவந்த அன்றே நிலையத்தின் ஜீப்பும் வந்தது. இரண்டு பேர் இறங்கி மாலை போட்டார்கள். தலைகுனிந்து நின்றார்கள். பிறகு ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். கோட்டு நிலையத்தின் சொத்து.

இப்போது அதே கோட்டை எஸ்டேட்டில் எல்லாப் பெண்களுக்கும் கொடுக்கப்போவதாகப் பேச்சு வந்திருந்தது. ரஞ்சனியும் கொழுந்து பறிக்கிறவள்தான். தங்கவேலு வேலை செய்வது எஸ்டேட்டின் மேல் கேட்டில், காவலுக்கு. ஒருநாள் லீவு சொல்லிவிட்டுக் குன்னூர் பஸ் ஏறினார்.

நிலையத்து வாசலில் சுப்பண்ணன் என்கிற அட்டெண்டர் உட்கார்ந்திருந்தார். தங்கவேலு பெயரைச் சொன்னதும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க, நீங்க அந்தம்மா ஊட்டுக்காரருங்களா?"

"ஆமாங்க. இங்க இருக்கான்னு சொன்னாங்க."

சுப்பண்ணன் நடைவழியில் முன்னால் நடந்தார். கடைசிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் இதுக்கு மேல வர்றதில்லீங்க" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது. விட்டத்தில் ஓடிய குழாய்களிலிருந்து கொட்டிய மழை. அதன் நடுவே வீரம்மா நின்றிருந்தாள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி மாட்டிச் சற்றே முன்சாய்ந்த கழுத்து. கொழுந்துக்கு நீட்டிய கை. அரைக்கண் மூடிய வெள்ளை முகம். கோட்டின் முக்காட்டிலிருந்து வழிந்த நீர் அவள் மூக்கின் நுனியில் சேர்ந்து, தயங்கி, சொட்டியது. தங்கவேலுவின் கை தானாகத் தோள் துண்டை எடுத்தது. எடுத்த பிறகுதான் நடுவில் கண்ணாடி இருப்பது தெரிந்தது.

அவர் அங்கேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் குழாய்கள் நின்றன. அந்த அமைதியில் உள்ளேயிருந்து ஓர் இருமல் கேட்டது. அடக்கி அடக்கி, பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்று இருமுகிற இருமல். கடைசி மாதம் முழுக்க அவர் காதருகே கேட்டது.

"கேட்டுச்சுங்களா?" என்றார் சுப்பண்ணன், தள்ளி நின்றபடி.

உடம்புச் சூட்டுக்காகப் பொம்மையின் வயிற்றுக்குள் ஒரு பல்பு எரிகிறது, ஈரத்தில் அது ஏதோ சத்தம் போடுகிறது என்பது நிலையத்தின் விளக்கம். இருமலைப் பற்றி முதலில் புகார் சொன்னவர் சுப்பண்ணன்தான். அதற்கு இரண்டு நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன. சோதனைப் பொருள்கள் வேலை நேரத்தில் ஒலி எழுப்பக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் ஆணை ஒட்டினார்கள். காது கேட்டதற்காகச் சுப்பண்ணனிடம் விளக்கம் கேட்டார்கள்.

இயக்குநர் அறையில் பிரைட்டன் தங்கவேலுவை உட்காரச் சொன்னார். நல்ல மனிதர். டீ வரவழைத்தார். பக்கத்தில் ஸ்வேதா என்கிற இளம் விஞ்ஞானி நின்றிருந்தாள். வீரம்மாவைப் பார்க்க லயத்துக்கு அடிக்கடி வந்துபோன பெண். அவள் தங்கவேலுவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்க மனைவி பிரமாதமா ஒத்துழைக்கிறாங்க" என்றார் பிரைட்டன். "பல வருஷத்து மழையை இந்தக் கொஞ்ச நாள்ல தாண்டிட்டாங்க. ஒரு புகார் கிடையாது."

"அவ செத்துட்டா தொர."

"அது உங்க பார்வையில. அதை நான் மதிக்கிறேன். நிலையத்தோட பார்வையில சோதனை இன்னும் நடந்துக்கிட்டிருக்கு. போட்டவங்க இறந்துட்டாங்கன்னு நாம ஒத்துக்கிட்டா சோதனை முடிஞ்சுபோச்சுன்னு ஆயிடும். சோதனை முடியல. அப்போ..." அவர் வாக்கியத்தை முடிக்காமல், மீதியைத் தங்கவேலு முடிப்பார் என்பதுபோல் அன்பாகப் பார்த்தார்.

தங்கவேலுவுக்கு முடிக்கத் தெரியவில்லை. "உள்ள நனைஞ்சு நனைஞ்சுதான் தொர சளி கட்டுச்சு" என்றார். "எம்மவளுக்கும் அதே கோட்டக் குடுக்கப் போறாங்களாம். வேணாம் தொர."

"உள்ள நனைஞ்சது தண்ணியா, வியர்வையா?"

"வேர்வைதான்."

பிரைட்டன் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். "பாருங்க. எங்க ஆணையில 'வெளியிலிருந்து வரும் நீர்'னு தெளிவா இருக்கு. வெளிய இருந்து வர்றதுக்கு நாங்க பொறுப்பு. வியர்வை உள்ள இருந்து வருது. அது சுகாதாரத் துறை."

தங்கவேலு டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டார். "அந்தத் தண்ணிய மட்டும் கொஞ்சம் நிப்பாட்டுவீங்களா? குளிர்ல நிக்குறா."

ஸ்வேதா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிரைட்டன், இரக்கம் நிலையத்தின் அடுத்த திட்டக் காலத்தில் பரிசீலனையில் இருக்கிறது என்று தெரிவித்தார்.

அதற்குப் பிறகும் தங்கவேலு ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் போனார். கண்ணாடிக்கு முன்னால் சுப்பண்ணன் ஒரு ஸ்டூல் போட்டுக்கொடுத்தார். போய் உட்காருவார், பஸ் நேரம் வரை பார்த்துக்கொண்டிருப்பார், எழுந்து வந்துவிடுவார். வெள்ளை முகம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஊறிப்போனதுபோல் இருந்தது. மூக்கு மழுங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த முகம் போலவே அது ஆகிக்கொண்டு வந்தது. ரஞ்சனியிடம் அவர் அதைச் சொல்லவில்லை. கேட்டால், "நல்லாத்தான் இருக்கா" என்பார். சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்று தானே திகைத்து நிற்பார்.

கோட்டு வழங்கும் விழாவுக்கு நாள் குறித்தார்கள். எஸ்டேட் மைதானத்தில் பந்தல் போட்டு, மழையில் கோட்டு நனையாததை நேரில் காட்டுவது ஏற்பாடு. அன்று காலை நல்ல மழை பிடித்துக்கொண்டது. உடனே கேட்டில் ஒரு பலகை தொங்கியது: 'மழையின் காரணமாக மழைக்கோட்டு விளக்கம் தள்ளிவைக்கப்படுகிறது.' அடுத்து வெயில் அடித்த ஒரு நாளாகப் பார்த்து விழா வைத்தார்கள். மழைக்காக ஒரு தண்ணீர் லாரியை வாடகைக்குப் பிடித்தார்கள்.

சென்னையிலிருந்து துறைச் செயலர் வந்திருந்தார். மேடையில் ஒருபக்கம் பூக்குடம், ஒருபக்கம் கோட்டோடு வீரம்மா. வேனில் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். லயத்துப் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து அவளைப் பார்த்தார்கள். ஒரு கிழவி மட்டும், "ஏ வீரம்மா" என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

முதல் கோட்டை வாங்கிக்கொள்ள ரஞ்சனியின் பெயரை எழுதியிருந்தார்கள். அதற்கு முன் தங்கவேலு மைக்கில் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். 'என் மனைவி நனையவில்லை.' ஸ்வேதாவை விட்டு அவருக்குப் பழக்கப்படுத்தச் சொல்லியிருந்தார்கள். அவள், "உங்களுக்கு என்ன தோணுதோ சொல்லுங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

லாரி மழை பெய்தது. பொம்மையின் தலையில் விழுந்து வழிந்தது. கை தட்டினார்கள். தங்கவேலு மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். பெண்களின் நடுவில் ரஞ்சனியின் முகம் தெரிந்தது. தாயின் முகவெட்டு.

"எம் பொண்டாட்டி..." என்றார். மைக் அதை மலைமேல் எறிந்து திரும்ப வாங்கியது. "நனைஞ்சுதாங்க செத்தா. தொறந்து பாருங்க."

செயலருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "திறந்து காட்டிருங்களேன் பிரைட்டன், அவருக்கும் ஒரு திருப்தி" என்றார்.

பொம்மைக்குப் போட்டதிலிருந்து அந்தக் கோட்டை யாரும் திறந்ததில்லை. திறந்தால் தரவு கெட்டுவிடும். ஆனால் செயலர் சொன்ன பிறகு தரவு ஒத்துழைக்க வேண்டியதுதான். பிரைட்டன் புன்னகையோடு போய்க் கழுத்துக் கொக்கியைக் கழற்றி, முன்பக்கத்தை இழுத்தார்.

வெள்ளைச் சேறு ஒன்று மெதுவாகப் புறப்பட்டு அவர் காலணிமேல் கொட்டியது. முகத்தில் வழிந்து கழுத்து வழியாக உள்ளே போன நீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கி, பல்பின் சூட்டில் வெந்து, மாவை ஊறவைத்துக் கரைத்திருந்தது. மார்பு வந்தது, வயிறு வந்தது, துருப்பிடித்த பல்பு வந்தது. தாங்குவதற்குக் கீழே ஒன்றும் இல்லாமல், முக்காட்டுக்குள் இருந்த முகம் மெல்லத் தாழ்ந்து, கழுத்துப்பட்டை வரை வந்து, மூக்கு மறைந்து, கண்கள் மறைந்து, கோட்டுக்குள் போய்விட்டது. ரஞ்சனி "அம்மா" என்று கத்தினாள்.

கோட்டு அசையவில்லை. கழுத்து சற்றே முன்சாய்ந்து, கை கொழுந்துக்கு நீண்டு, உள்ளே யாரும் இல்லாமல் அப்படியே நின்றது.

பிரைட்டன் அதைப் பார்த்தார். தன் காலணியைப் பார்த்தார். பிறகு மைக்கைப் பிடித்தார். அவர் குரல் தழுதழுத்தது.

"மாண்புமிகு செயலர் அவர்களே, இதைவிட என்ன சான்று வேண்டும்? உள்ளே இருந்தவர் முழுவதும் கரைந்துபோயிருக்கிறார். உடையில் ஒரு கீறல் இல்லை! ஒரு சுருக்கம் இல்லை! உடுத்துகிறவர்கள் வருவார்கள், போவார்கள். உடை நிலைக்கும். நம்முடைய கடமை துணியைக் காப்பது. அந்தக் கடமையில் நாம் தவறவில்லை!"

செயலர் முதலில் கைதட்டினார். மேடை கைதட்டியது.

தங்கவேலு மண்டியிட்டு இரு கையாலும் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார். சுப்பண்ணன் எங்கிருந்தோ ஒரு பக்கெட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, தானும் உட்கார்ந்து அள்ளினார். கண்காணிப்பாளர் ஒருவர் ஓடிவந்து, அது நிலையத்தின் சொத்து என்றார்.

"இல்ல சார்" என்றாள் ஸ்வேதா. "கோட்டுதான் சொத்து. இது கழிவு. கழிவை யார் வேணும்னாலும் எடுத்துட்டுப் போலாம்." சொல்லிவிட்டு அவளும் குனிந்தாள்.

அப்பாவும் மகளும் பக்கெட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, லயத்துக்குக் கீழே வீரம்மாவைப் புதைத்திருந்த சரிவுக்கு இறங்கினார்கள். குழிமேட்டில் ஊற்றினார்கள். வெயில் இருந்ததால் அது பொழுதுசாய்வதற்குள் காய்ந்துவிட்டது. அவள் போனதிலிருந்து ஈரமில்லாமல் அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று தங்கவேலுவுக்குத் தோன்றியது. ரஞ்சனி அந்த வெள்ளைமேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

கோட்டுகள் வந்தன. எல்லாமே ஒரே அளவு, வீரம்மாவின் அளவு. குள்ளமானவர்களுக்குக் காலில் இடித்தது, தடித்தவர்களுக்குக் கொக்கி எட்டவில்லை. நாளடைவில் உடம்பு கோட்டுக்குச் சரியாக அமைந்துவிடும் என்று நிலையம் தெரிவித்தது. கோட்டு இல்லாமல் பெரட்டுக்கு வந்தால் பேர் போடமாட்டோம் என்று எஸ்டேட் தெரிவித்தது.

எல்லோரும் போட்டுக்கொண்டுதான் போனார்கள். பேர் போட்ட பிறகு, தேயிலைக்குள் இறங்கும் வளைவில் ரஞ்சனி நின்றாள். கொக்கியைக் கழற்றினாள். கோட்டிலிருந்து, ஒரு வீட்டிலிருந்து வெளியே வருவதுபோல் வெளியே வந்தாள். கோட்டு தன்பாட்டுக்கு நின்றது. அவள் இடுப்பில் பழைய சாக்குப் படங்கைக் கட்டி, தலைமேல் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொண்டு, கூடையோடு கீழே இறங்கிப் போனாள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

மழை வலுத்த ஒருநாள் பிரைட்டன் ஆய்வுக்கு வந்தார். மேல் கேட்டைத் தங்கவேலுதான் திறந்துவிட்டு, ஜீப்பின் பின்னாலேயே வந்தார். ரோட்டு வளைவில் ஜீப்பை நிறுத்தி, கண்ணாடியைப் பாதி இறக்கி, பிரைட்டன் கீழே பார்த்தார். மூடுபனிக்குள் நிரை நிரையாகக் கோட்டுகள் நின்றிருந்தன. ஒன்றுகூடக் கழற்றப்படவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"வசதியா இருக்காம்மா?" என்று குரல் கொடுத்தார்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"குளிருதா? ஏதாவது புகார் இருக்கா?"

பனி கொஞ்சம் விலகியது. எல்லாக் கழுத்தும் ஒன்றுபோல முன்னால் சாய்ந்திருந்தன. எல்லாக் கையும் ஒன்றுபோல நீண்டிருந்தன. முக்காடுகள் எல்லாம் மேலே, ஜீப்பைப் பார்த்துத் திரும்பியிருந்தன. முக்காடுகளுக்குள் ஒன்றும் இல்லை. பிரைட்டனின் புன்னகை இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் அவர் அதைவிட்டுப் போய்விட்டார்.

"ஏன் யாருமே பேசமாட்டேங்கறாங்க?" என்று தங்கவேலுவிடம் மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு வெளங்காதுங்க தொர. அவங்ககிட்டயே எறங்கிப் போய்க் கேளுங்க."

பிரைட்டன் கண்ணாடியை ஏற்றினார். டிரைவர் கேட்காமலே வண்டியைத் திருப்பினான். பயனாளர்கள் முழுத் திருப்தியுடன் இருப்பதாகவும், ஒழுங்கு மெச்சத்தக்கது என்றும் அந்த வாரமே சென்னைக்கு அறிக்கை போனது. அதற்குப் பிறகு ஆய்வுக்கு யாரும் வரவில்லை.

ஜீப் சத்தம் தேய்ந்ததும் தங்கவேலு குடையை விரித்துக்கொண்டு சரிவில் இறங்கினார். கோட்டுகளுக்கு நடுவே போகும்போது அவர் யார்மீதும் இடித்துவிடாமல் ஒதுங்கி ஒதுங்கித்தான் நடந்தார். கீழே, பனிக்கு அடியில், பெண்கள் பிளாஸ்டிக் ஷீட்டோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ஷீட்டுகளிலிருந்து ஆவி பறந்தது.

"போயிட்டாங்களாப்பா?" என்றாள் ரஞ்சனி, கையை நிறுத்தாமல்.

"போயிட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"வசதியா இருக்கான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒங்கம்மாகிட்டயே கேட்டுக்கச் சொன்னேன்" என்றார் தங்கவேலு.